கரைமேல் வழி விடுங்கள்

ஹாலேக்கு வருகிற தமிழர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்: ஃபிராங்கே அறநிலையம். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் அடிக்கல் நாட்டிய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் சேர்ந்த பெரிய வளாகம் அது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இந்த ஊரில் கொஞ்சகாலம் படித்தவர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகள் இங்கேதான் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இங்கேதான் அச்சாயிற்று. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. நம்மவர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், நெகிழ்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், மாலை ரயிலில் லைப்சிக் போய்விடுகிறார்கள்.

அந்த வளாகத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத்தில் சாலே ஆறு வந்துவிடும். ஆற்றின் கரையோரமாக ஒரு பாதை போகிறது. இத்தனை வருஷத்தில் அதைக் காட்டச் சொல்லி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. காவிரிப் படுகைக்கு இந்த ஊரிலிருந்து கொண்டுபோக ஏதாவது ஒன்று இருக்குமானால், அது ஓலைச்சுவடியின் ஒளிப்படம் அன்று, இந்தக் கரைப்பாதைதான் என்பது என் கட்சி. அதற்காக வாதாடத்தான் இந்தக் கட்டுரை.

சாலே சைக்கிள் பாதை, பவேரியாவில் ஃபிக்டெல் மலையில் ஆறு பிறக்கும் இடத்தில் தொடங்கி, பார்பி என்ற சிற்றூருக்கு அருகே ஆறு எல்பாவில் கலக்கும் இடம் வரை, சுமார் 400 கிலோமீட்டர் போகிறது. யேனா, நௌம்புர்க், மெர்சபுர்க், ஹாலே, பெர்ன்புர்க் எல்லாம் வழியில் வரும் ஊர்கள். ஹாலேக்கு வடக்கே போகப்போக நிலம் தட்டையாகிவிடும். நெல் கிடையாது. கோதுமை, சர்க்கரைக் கிழங்கு, சித்திரை வைகாசியில் மஞ்சளாகப் பூக்கும் கடுகு இனப் பயிர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் கரை. பத்தாவது கிலோமீட்டரில் உங்களுக்கு நீடாமங்கலம் ஞாபகம் வரவில்லை என்றால் நீங்கள் டெல்டாக்காரர் இல்லை.

பாதை சில இடங்களில் தார், சில இடங்களில் கல் பாவியது, பல இடங்களில் வெறும் சரளை. அந்தச் சரளைத் தளத்துக்கு ஜெர்மன் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயரை நேராகத் தமிழில் சொன்னால் 'தண்ணீரால் பிணைத்த தளம்'. உடைத்த கல்லைப் பரப்பி, அதன் இடுக்குகளில் பொடிக்கல்லும் மண்ணும் இட்டு, தண்ணீர் விட்டு உருளையால் இறுக்குவது. இது நமக்குப் புதிதா? நம் ஒப்பந்தக்காரர்கள் 'டபிள்யூ.பி.எம்.' என்று சொல்வதும், ஊரில் கப்பி ரோடு என்று சொல்வதும் இதுவேதான். ஒரே வித்தியாசம்: நம் ஊரில் கப்பி ரோடு என்றால் தார் வரக் காத்திருக்கும் அரைகுறை வேலை. இங்கே ஆற்றங்கரைக்கு அதுவே முடிந்த வேலை. மழைநீர் அதனூடே இறங்கும், வேருக்கு மூச்சு இருக்கும், பழுதானால் இரண்டு பேர் ஒரு வண்டிக் கல்லோடு வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள்.

*

கிராவல் என்ற சொல்லைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அது தமிழ்ச் சொல்லாகி எத்தனையோ காலமாகிவிட்டது. வல்லத்துச் செம்மண் மேட்டிலிருந்து லாரியில் வருவது கிராவல். மனை மேடாக்க, கரை உயர்த்த, கல்யாணப் பந்தலுக்கு முன் சேறு மூட, எல்லாவற்றுக்கும் 'ரெண்டு லோடு கிராவல் அடி' என்பார்கள். ஐரோப்பாவில் அதே சொல் இன்று ஒரு விளையாட்டின் பெயர், ஒரு சைக்கிள் வகையின் பெயர். வளைந்த கைப்பிடி, அகலமான டயர். நல்லதாக ஒன்று வாங்க 2000 யூரோவாவது எடுத்துவைக்க வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த மோகத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று. 2022-இல் இத்தாலியின் வெனேட்டோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 2024-இல் அது 'ஹாலே' என்ற ஊரில் தொடங்கியது என்று கேட்டு நண்பர்கள் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அது பெல்ஜியத்து ஹாலே. எங்களுக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் பொருத்தம்.

இந்த மோகம் நம்மவர்களையும் பிடித்துவிட்டது. நல்லதுதான். வெள்ளிக்கிழமை மாலை சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதைவிட ஆற்றங்கரையில் மூச்சு வாங்குவது மேல். ஆனால் அடுத்த கட்டம்தான் என்னைச் சீண்டுகிறது. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறார்கள், வாடகைக்கோ விமானத்தில் போட்டோ ஒரு சைக்கிளைக் கொண்டுபோகிறார்கள், கல்லணையிலிருந்து கொஞ்ச தூரம் கரையில் ஓட்டுகிறார்கள், மேலே ஒரு ட்ரோனைப் பறக்க விடுகிறார்கள். பச்சை, பச்சை, மேலும் பச்சை. நடுவே ஒரு கோடு போல மண்பாதை. அதில் ஒரு பொட்டு போல நம் ஆள். கீழே ஒரு வரி: மண்ணின் மணம், வேர்களைத் தேடி, இன்னபிற.

அந்தப் படத்தில் இல்லாதது என்ன என்று கேட்கிறேன். நடவு நட்ட பெண்கள் இல்லை. மதகைத் திறந்துவிட்ட ஆள் இல்லை. மேட்டூர் திறக்கும் தேதியை (ஜூன் 12 என்பது வழக்கம், வாய்த்தால் வரம்) எண்ணிக்கொண்டு விதைநெல்லைக் கட்டிவைத்திருந்த வீடு இல்லை. ட்ரோன் படத்தின் பச்சை, குறுவையா சம்பாவா தாளடியா என்று எடுத்தவருக்கே தெரியாது. பச்சை என்பது ஒரு நிறமாகி, உழைப்பு அதிலிருந்து கழன்றுவிட்டது.

இத்தாலியில் வெர்செல்லி, நோவாரா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கேயும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். 1863 முதல் 1866 வரை வெட்டிய கவூர் கால்வாயும் அதன் கிளைகளும் பாயும் பூமி. கால்வாய்ப் பராமரிப்புக்காகப் போட்ட சரளைப் பாதைகளில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. ஆனால் அந்த வட்டாரத்தில் நெல்லைப் பற்றிப் பேசினால் உடனே வருகிற பெயர் 'மொண்டினே'. முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறித்த பெண்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 8 மணி நேர வேலைக்காகப் போராடி அதைப் பெற்றவர்கள். 1949-இல் ஜுசெப்பே தெ சாந்திஸ் எடுத்த 'ரிசோ அமாரோ' படம் அவர்களைப் பற்றியதுதான். அங்கே சைக்கிளில் போகிற ஒருவர் நெல்வயலைக் காட்சியாக மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது அவர் விருப்பம். ஆனால் வரலாறு அவர் வழியில் நிற்கிறது.

நம் டெல்டாவில் அதைவிடக் கனமான வரலாறு நிற்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், நெல் கூலிக்காக நடந்த போராட்டத்தின் முடிவில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நம் விடுமுறைப் பயணங்கள் விழுவதும் அதே டிசம்பர் கடைசி வாரத்தில்தான்.

*

இனி கரைக்கு வருகிறேன். காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று டெல்டாவில் ஆறு ஒவ்வொன்றுக்கும் இரு கரை. பெரும்பாலும் ஒரு கரையில் தார்ச்சாலை ஓடும். மறுகரை மண். அந்த மண்கரை பொதுச்சொத்து. பொதுப்பணித்துறையின் கையில் இருந்து, இப்போது நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. கரை காக்கவும் மதகு பார்க்கவும் போட்ட வழி அது. என் சிறுவயதில் லஸ்கர் ஒருவர் காலையும் மாலையும் அதில் சைக்கிளில் போவார். கரையில் எலி வளையா, நண்டு வளையா, யாராவது குழாய் புதைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார். அந்தப் பாதைக்கு அழகு சேர்க்க யாரும் நினைத்ததில்லை. அது தினம் மிதிபட்டதால் வழியாக இருந்தது.

இன்று அந்தக் கரை எப்படி இருக்கிறது? சீமைக் கருவேலம் இரு பக்கமும் கைகோத்துக்கொண்டு நிற்கிறது. மணல் லாரி ஆற்றுக்குள் இறங்குவதற்காகக் கரையை வெட்டிய இடங்களில் பள்ளம். உடைந்த மதுப்புட்டிகள். ஊர்க் குப்பை கொட்டுமிடம். லஸ்கரைப் பார்ப்பதே அபூர்வம்.

என் அக்கா மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிள் அவள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், கியர் எதுவும் இல்லாத உறுதியான வண்டி. பள்ளிக்கூடம் தார்ச்சாலை வழியாக 6 கிலோமீட்டர், மறுகரை வழியாகப் போனால் 4. தார்ச்சாலையில் பேருந்தும் லாரியும் ஒன்றையொன்று முந்துகின்றன, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, கொள்முதல் நிலையத்து மூட்டைகள் ஓரத்தை அடைத்துக்கொள்கின்றன. 'அந்த ரோட்டுல எப்படி மாமா விடுவாங்க? கரையில போன்னா, அங்க குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க' என்றாள். மாதாமாதம் வேனுக்குப் பணம் கட்டுகிறார்கள். கட்ட முடியாத வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். 'சில பேரு வரதில்ல' என்றாள்.

என் தொழிலில் ஒரு வேலையைத் தொடங்கும்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? ஆற்றங்கரைப் பாதையைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தக் கேள்விக்கு 'நான்' என்று பதில் சொல்லிவிடுகிறோம். வருஷத்துக்கு மூன்று நாள் ஓட்டப்போகிறவருக்காகக் கரை இல்லை. வருஷத்துக்கு இருநூறு நாள் பள்ளிக்கூடம் போகிறவளுக்காகத்தான் கரை. அவளுக்குச் சரியாக இருக்கும் பாதை நம் 2000 யூரோ சைக்கிளுக்கும் சரியாக இருக்கும். நமக்காகப் போடும் பாதை அவளுக்கு உதவாது. அது ஒரு விடுதி வாசலில் தொடங்கி இன்னொரு விடுதி வாசலில் முடியும்.

*

சைக்கிள் நமக்கு ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2001-இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. பீகார் 2006-இல் இதே போன்ற திட்டத்தைத் தொடங்கியது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு, பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்.

ஈழத்திலிருந்து வந்த வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தை நகர்த்தியது சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி, பிணம் எல்லாம் அதில் போயின. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, வீட்டில் மிஞ்சியதை எல்லாம் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர்கள் இன்று டொரான்டோவிலும் எஸ்ஸனிலும் இந்த இதழைப் படிக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கிராவல் சைக்கிள் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் இந்த வண்டி நம் வீடுகளில் என்னவாக இருந்தது என்று தெரிந்து வாங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித் ஒருவர் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. டெல்டாவில் சேரிகள் பலவும் ஆற்றங்கரைப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும்தான் அமைந்தன. ஊருக்குள் வழி மறுக்கப்பட்டவர்களுக்குக் கரைதான் வழி. ஆகவே கரையை அழகுபடுத்துகிறோம் என்று யாராவது கிளம்பும்போது எனக்கு முதலில் வருவது பயம். அழகுபடுத்தலின் முதல் வேலை குடிசையை அகற்றுவதாக இருக்கும் என்பது நம் நகரங்களின் ஆற்றோரங்களில் பார்த்த பாடம். நான் கேட்கும் பாதை கரையில் இருப்பவரைக் கிளப்பும் பாதை இல்லை. அவர் வாசலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பாதை.

*

எதிர்ப்பேச்சுகள் வரும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'ஊர்க்காரன் தார் ரோடு கேட்கிறான், நீ கப்பி ரோடு போதும் என்கிறாய். வெளிநாட்டில் இருப்பவனுக்கு என்ன?' நியாயமான கேள்வி. ஆம்புலன்ஸ் வரவும் நெல் ஏற்றவும் ஊருக்குத் தார் ரோடு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஊர்ச்சாலைக்குப் போடுங்கள், தெருவுக்குப் போடுங்கள். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டி ஏற்கெனவே மாநில நெடுஞ்சாலை ஓடுகிறது. நான் பேசுவது மறுகரையைப் பற்றி. அதற்கும் தார் போட்டால் அடுத்த நாளே மணல் லாரி வரும், அடுத்த வருஷம் கரை தாழும், அதற்கடுத்த வெள்ளத்தில் உடையும். கரை என்பது முதலில் வெள்ளத்தைத் தடுக்கும் சுவர். அதன் முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு அளவு உண்டு. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகும் இதை விளக்க வேண்டுமா?

'கான்கிரீட் போடலாமே?' போடுகிறார்கள். கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் கடைமடை வரை போக வேண்டும் என்பது நியாயமான நோக்கம். அடித்தளத்திலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாதே என்று விவசாயிகள் கேட்டதும் நியாயம்தான். நான் சேர்த்துக் கேட்பது ஒன்று: இத்தனை கோடிச் செலவில், கரைமேல் ஒரு பிள்ளை நடந்துபோக, தவறி விழுந்தால் ஏறிவர, எத்தனை படித்துறை?

'அந்த வெயிலில் யார் ஓட்டுவார்கள்?' பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதுவரை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெயிலைக் கூட்டுவது தார். நாவலும் புங்கையும் மூங்கில் குத்தும் நின்ற கரையில் நிழல் இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வெட்டியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசக்கூடாது.

'ஆளில்லாத கரையில் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?' இதுதான் கனமான கேள்வி. ஒரு பாதை போட்டுவிட்டால் இது தானாகத் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கருவேலம் வெட்ட வேண்டும், இருட்டும் நேரத்துக்கு விளக்கு வேண்டும், லஸ்கர் பணியிடங்களை நிரப்பி மறுபடியும் காலையும் மாலையும் கரையில் ஆள் போக வேண்டும். ஆனால் ஒரு கரையைப் பயமுள்ள இடமாக்குவது அங்கே நல்லவர்கள் யாரும் போகாததுதான். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் போகிற வழியில் புட்டியோடு உட்காருகிறவன் இடம் மாறிக்கொள்வான்.

'ஜெர்மன்காரன் சுத்தமானவன், நம்மால் முடியாது.' இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஹாலேக்குத் தெற்கே ஷ்கோபௌவிலும் லோய்னாவிலும் பெரிய ரசாயன ஆலைகள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் சாலே நுரை தள்ளிக்கொண்டு ஓடிய ஆறு, கரையில் நிற்கவே யோசித்த ஆறு. இன்று அதில் மீன் பிடிக்கிறார்கள். இடையில் நடந்தது சட்டமும் பணமும் முப்பது வருஷ வேலையும்தான், இரத்தத்தில் வந்த சுத்தம் இல்லை. ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, திறந்தவெளி நிலத்தில் உள்ள பாதைகளில் போய்வர எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. கரைப்பாதையின் தொடக்கத்தில் வண்டிகளுக்குத் தடை என்று பலகை நிற்கும். அதன் கீழே இரண்டு சிறு பலகைகள்: சைக்கிளுக்கு விலக்கு, விவசாய வண்டிகளுக்கு விலக்கு. நடுவே பூட்டுப் போட்ட ஒரு தூண். தீயணைப்பு வண்டி வந்தால் திறப்பார்கள். பாதையின் அகலம் 2.5 மீட்டர் இருந்தால் போதும். இதில் எந்தப் பொருள் தஞ்சாவூரில் கிடைக்காது?

2013 ஜூன் வெள்ளத்தில் ஹாலேயின் கிம்ரிட்ஸ் கரை உடைந்துவிடும் என்று அஞ்சி, நொய்ஷ்டாட் பகுதி மக்களை வெளியேறும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்போது மணல் மூட்டை அடுக்கியவர்களில் மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் ஏராளம். கரை நின்றது. தினம் கால் பட்ட கரை எது, எங்கே பலவீனம் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். யாரும் போகாத கரை உடைவது உடைந்த பிறகுதான் தெரியும்.

*

இந்தப் பக்கத்து நிலப்பரப்பிலிருந்து கற்கக்கூடாத பாடம் ஒன்றும் உண்டு. ஹாலேக்குத் தென்மேற்கே கைசல்டால் ஏரி இருக்கிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று. சுற்றிவரச் சைக்கிள் பாதை, சரிவுகளில் திராட்சைத் தோட்டம், படம் எடுக்க அருமையான இடம். அது பழுப்பு நிலக்கரி தோண்டிய குழி. 2003 முதல் 2011 வரை தண்ணீர் விட்டு நிரப்பினார்கள். நிலக்கரிக்காகப் பல ஊர்கள் இடிக்கப்பட்டன. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்று ஏரி இருக்கிறது, ஊர் இல்லை.

நம் டெல்டாவின் அடியிலும் நிலக்கரியும் எரிவாயுவும் இருக்கின்றன. மன்னார்குடி மீத்தேன் திட்டம், 2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் என்று வரிசையாகப் பார்த்தோம். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் ஏறின. எதிர்ப்பு வந்த பிறகுதான் ஏப்ரலில் விலக்கினார்கள். ஆகவே 'அழகான சைக்கிள் நிலப்பரப்பு' என்பது தன்னளவில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. எல்லாம் போன பிறகும் அழகான சைக்கிள் பாதை போடலாம். நெல் இருக்கும்போதே, ஊர் இருக்கும்போதே, ஊரார் போகும் பாதையாகப் போட வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

எங்கே தொடங்குவது? ஒரே ஒரு வழியைச் சொல்கிறேன். கல்லணையிலிருந்து வெண்ணாற்றங்கரையாக இறங்குங்கள். தென்பெரம்பூரில் வெட்டாறு பிரியும். அங்கிருந்து நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பு. வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் மூன்றாகப் பிரியும் இடம். பிறகு கோரையாற்றங்கரையைப் பிடித்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கடலைத் தொடலாம். ஆற்றின் தலை முதல் கடல் வரை, முழுக்கவும் சமதளம், வழிநெடுக ஊரும் பள்ளிக்கூடமும். புதிதாக ஒரு குழி நிலம்கூட கையகப்படுத்த வேண்டாம். கரை இருக்கிறது. கருவேலத்தை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கல்லும் கிராவலும் போட்டுத் தண்ணீர் விட்டு உருட்டி, தலைப்புதோறும் ஒரு குடிநீர்க் குழாயும் ஒரு தூணும் வைத்தால் போதும். ஐப்பசி கார்த்திகையில் அந்த வண்டல் களியில் சக்கரம் சுற்றாமல் நின்றுபோகும் என்று சொல்கிறவர்களுக்கும் விடை அந்தக் கப்பித் தளத்திலேயே இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் எழுந்தவை நுழைவாயில் வளைவுகள், கும்பாபிஷேகங்கள், நம் பெயர் பொறித்த பெஞ்சுகள். கரைக்குப் பெயர் பொறிக்க இடமில்லை என்பதால்தானோ என்னவோ அது யார் கண்ணிலும் படவில்லை. இம்முறை பணம் வேண்டாம், கேள்வி போதும். கரை பொதுப்பணம் செலவாக வேண்டிய இடம். நன்கொடையில் போட்டால் நாளைக்கு அதற்கு ஒரு சொந்தக்காரர் முளைப்பார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் நீர்வளத்துறையிடம் கேட்கலாம்: உங்கள் ஊர்க் கரைக்குக் கடைசியாக எப்போது, எவ்வளவு செலவழித்தீர்கள், லஸ்கர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை? பொங்கலுக்குப் போகிறவர்கள் பத்து நாள் தள்ளித் திரும்புங்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். உங்களுக்கு அங்கே வாக்கு இல்லாமல் இருக்கலாம், உங்கள் அக்காவுக்கும் அவள் மகளின் தோழிகளுடைய அம்மாக்களுக்கும் உண்டு. மறுகரையைத் தார் போடாமல், லாரி விடாமல், யாரையும் கிளப்பாமல், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிய பொதுவழியாக அறிவித்துச் செப்பனிட வேண்டும் என்று ஒரு தீர்மானம். அதை எழுதிக்கொடுக்க ஒரு பக்கம் போதும்.

ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் கரையில் முதல் சக்கரத் தடம் பள்ளிக்கூடப் பிள்ளையுடையதாக இருக்கட்டும். நம்முடையது பின்னால் வரலாம்.